மாலத்தீவுக்குப் போன மஞ்சள்

உலகப் படத்தில் மாலத்தீவைத் தேடிப் பாருங்கள். இந்தியாவின் கூர்மையான முனைக்குக் கீழே, இடது பக்கம், பேனாவை உதறியபோது தெறித்த மைபோலச் சில புள்ளிகள் இருக்கும். நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது என் அம்மா அந்தப் புள்ளிகளில் ஒன்றில் இருந்தாள்.

நாங்கள் திருவனந்தபுரத்தில், ஆரியசாலையில் குடியிருந்தோம். அப்பா அங்கே சொந்தமாக ஒரு மஞ்சள் கடை வைத்திருந்தார். அது படுத்துவிட்டது. பிறகு அடுத்த கடையிலேயே மஞ்சள் நிறுக்கிற வேலைக்குச் சேர்ந்தார். அம்மா டீச்சருக்குப் படித்தவள். அந்த நாளில் எங்கள் ஊரிலிருந்து நிறைய டீச்சர்மார் மாலத்தீவுப் பள்ளிக்கூடங்களுக்கு வேலைக்குப் போனார்கள். அம்மாவும் போனாள். கொஞ்ச காலம்தான் என்று சொன்னார்கள். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை.

அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்றைக்குக் கடை போனுக்கு அம்மா கூப்பிடுவாள். நான் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து மிளகாய் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து காத்திருப்பேன். போன் வந்ததும் மிளகாய் நெடியில் தும்முவேன். "சளி பிடிச்சிருக்காடா?" என்று அம்மா பதறுவாள். பேசக் கிடைத்த நேரமெல்லாம் என் சளியைப் பற்றியே போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா என்னைச் சங்குமுகம் கடற்கரைக்குக் கூட்டிப் போவார். மாமா அம்மாவின் தம்பி. பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்கு எதிரே விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கிற ஆபீசில் வேலை. நான் கடலுக்கு நேரே நின்று கையை ஆட்டுவேன்.

"டே, நீ இப்போ அரபிக்காரனுக்கு டாட்டா காட்டுதே. அக்கா அங்கே இல்லே. இடது பக்கம் திரும்பு. இன்னும் கொஞ்சம். ஆங், மதி."

மாமாவுக்கு மலையாளமும் தமிழும் ஒரே வாயில் வரும். 'மதி' என்றால் போதும். அன்றிலிருந்து நான் இடது பக்கம் திரும்பித்தான் கையை ஆட்டினேன்.

பெரிய லீவு வந்தபோது அம்மாவைப் பார்த்துவர அப்பாவும் நானும் போவது என்று முடிவானது. உடனே மாமா எங்கள் வீட்டில் ஒரு வாத்தியாரைப்போல உட்கார்ந்துகொண்டார். மாலத்தீவுக்கு முன்கூட்டியே விசா வாங்க வேண்டாம். இறங்கினதும் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, இத்தனை நாள் இருக்கலாம் என்று எழுதித் தருவார்கள். ஆனால் பாஸ்போர்ட் காலாவதி ஆகிற மாதிரி இருக்கக் கூடாது. எங்கே தங்கப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். திரும்பி வருகிற டிக்கெட்டைக் கண்டிப்பாகக் காட்ட வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் எனக்குப் பிடிக்கவே இல்லை. அம்மாவைப் பார்க்கப் போகிறவன், அம்மாவை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று முதலில் காட்டவேண்டுமாம். அப்புறம்தான் உள்ளே விடுவார்களாம்.

"திரும்பி வாற டிக்கெட்டைத் தொலைச்சிட்டா?" என்று கேட்டேன்.

"உள்ளேயே விடமாட்டான். அடுத்த பிளேன்ல ஏத்தி, நேரா உன் டீச்சர்கிட்டே கொண்டாந்து விட்டிருவான்" என்றார் மாமா.

கொண்டுபோகக் கூடாதவற்றையும் மாமா சொன்னார். சாராயம் கூடாது. பன்றி இறைச்சி கூடாது. நாய் கூடாது. கும்பிடுகிற சாமி சிலை கூடாது.

சாராயமும் பன்றியும் நாயும் எங்கள் வீட்டில் இல்லை. சாமிதான் சிக்கல். அம்மா முதலில் புறப்பட்டபோதே தன் சின்னப் பித்தளைப் பிள்ளையாரைப் பெட்டியில் சேலைக்கு நடுவே வைத்திருந்தாள். மாமாதான் கடைசி நேரத்தில் எடுத்து வெளியே வைத்தார். அம்மா பெட்டியை மூடினாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவிடம் போனில் சொன்னாளாம்: "விளக்கு ஏத்திட்டுச் சுவரைப் பார்த்துக் கும்பிடுதேன். சுவர்கூட நல்லாத்தான் கேக்குது." அப்பா போனை வைத்துவிட்டு வெகுநேரம் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பித்தளைப் பிள்ளையாரை எனக்க டவுசர் பாக்கெட்டில வெச்சுக்கொண்டு போறேன்" என்றேன்.

அப்பா அதற்குச் சம்மதிக்கவில்லை. "வேண்டாம். நம்ம அவங்க வீட்டுக்குள்ளே போறோம். அங்கே அவங்க சொல்லுததுதான்."

மாமா மூக்கைச் சொறிந்தார். அப்படிச் சொறிந்தால் ஏதோ வருகிறது என்று அர்த்தம். "அத்தான், சிலைதானே கூடாது? மஞ்சள்பொடி கொண்டுபோகலாம் அல்லே?"

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்தப் பூஜைக்கும் முன்னால் மஞ்சள்பொடியில் தண்ணீர் விட்டுக் குழைத்து, விரலால் பிடித்து, வெற்றிலையில் வைத்து, தலையில் ஓர் அருகம்புல்லைச் செருகினால் அதுதான் பிள்ளையார். பூஜை முடிந்ததும் அவரை ஒரு விரல் அளவு வடக்கே நகர்த்த வேண்டும். 'போயிட்டு வாங்க' என்று அர்த்தம். நகர்த்திய பிறகு அவர் வெறும் மஞ்சள்தான். தண்ணீரில் கரைத்துவிடலாம். அம்மா பிடித்தால் தொப்பையோடு அழகாக உட்காருவார். அம்மா போனபிறகு அப்பா பிடித்தார். அவர் பிடித்தது எப்போதும் வடைபோலச் சாய்ந்தே இருக்கும்.

"தண்ணி விட்டுப் பிடிச்சாத்தான் சாமி. பொடியா இருக்கும்போது அது பலசரக்கு" என்றார் மாமா. "அந்தச் சட்டம் எழுதினவன் ஆரியசாலைப் பக்கம் வந்ததே இல்லே."

அப்பா யோசித்தார். சமையலுக்கு மஞ்சள் கொண்டுபோவதில் தப்பில்லை என்று அவருக்கும் பட்டது. கடையிலேயே நல்ல மஞ்சளாகப் பார்த்து அரைத்துப் பொட்டலம் கட்டினார். மாமா என்னைத் தனியே இழுத்து, "டே, பிள்ளையார் இதுக்குள்ளேதான் இருக்கார். யாருகிட்டேயும் மிண்டப்பிடாது, கேட்டியா?" என்று காதில் சொன்னார். மிண்டப்பிடாது என்றால் வாயைத் திறக்கக் கூடாது.

மாமா விளையாட்டுக்குச் சொன்னார். நான் நிஜமாகவே நம்பினேன். பிளேனில் போகும்போது கீழே கடல் நீலமாகவும் பச்சையாகவும் வட்டவட்டமாகத் தெரிந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் மட்டும், மூக்கில் பொடி ஏறிப் பிள்ளையார் தும்மிவிடக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

அங்கே விமான நிலையமே ஒரு தனித் தீவு. இறங்கினதும் வரிசையில் நின்றோம். அப்பா திரும்பிவரும் டிக்கெட்டைக் காட்டினார். டப்பென்று முத்திரை விழுந்தது. அதைத் தாண்டினால் சுங்கக்காரரின் மேஜை. மேஜைக்கு அப்பால் ஒரு கண்ணாடிக் கதவு. கதவு திறந்து மூடும்போதெல்லாம் வெளியே நிற்பவர்கள் தெரிந்தார்கள். நாலாவதோ ஐந்தாவதோ தடவை திறந்தபோது அம்மா தெரிந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கினாள். கதவு மூடிக்கொண்டது.

சுங்கக்காரர் பெட்டியைத் திறந்தார். அப்பளம், முறுக்கு, அம்மாவின் பழைய சேலை. பிறகு பொட்டலத்தை எடுத்து என்னைப் பார்த்து, "எந்தா இது?" என்று மலையாளத்தில் கேட்டார்.

அந்த ஊர்க்காரர் நம் ஊர்ப் பேச்சில் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பயத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இதில கணபதி இல்ல சார்!"

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. சுங்கக்காரர் என்னையும் பொட்டலத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கயிற்றை அவிழ்த்து, மேஜைமேல் கிடந்த அடிஸ்கேலைப் பொடிக்குள் விட்டுக் கிளறினார். ஸ்கேல் போகும் பக்கமெல்லாம் என் உயிரும் போனது. இதோ தும்பிக்கையில் இடிக்கும், இதோ தொப்பையில் இடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மா அந்தக் கதவுக்கு வெளியேயே நின்றுகொண்டிருப்பாள்.

ஒன்றும் இடிக்கவில்லை. சுங்கக்காரர் குனிந்து மோந்து பார்த்துப் பெரிதாகத் தும்மினார். மூக்கு நுனி மஞ்சளாகிவிட்டது.

"மஞ்ஞள்" என்றார்.

"மஞ்சள்தான் சார். பிள்ளை பேடிச்சுட்டான், பயந்துட்டான். இவன் அம்மைக்கு, சமையலுக்கும் பூஜைக்கும்" என்றார் அப்பா. அவருக்குப் பாதியை மறைத்துச் சொல்லத் தெரியாது.

சுங்கக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு தன் அம்மாவைத் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் வைத்து வைத்தியம் பார்த்ததாகவும், அப்போது எங்கள் கடை இருக்கிற சாலைக் கடைத்தெருவுக்கு வந்திருப்பதாகவும் உடைந்த மலையாளத்தில் சொன்னார். என்னிடம், "அம்ம எவிடே?" என்று கேட்டார். நான் கதவைக் காட்டினேன். அவரே பொட்டலத்தைக் கட்டி என் கையில் கொடுத்து, "பொய்க்கோ மோனே" என்று கதவுப் பக்கம் கையைக் காட்டினார். நான் ஓடினேன்.

அம்மாவைக் கட்டிக்கொண்டு முதலில் சொன்னது இதுதான்: "அம்மா, பிள்ளையார் வழியிலேயே எங்கேயோ விழுந்துட்டார்."

அப்பா விஷயத்தைச் சொன்னதும் அம்மா சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படகில் ஏறி அவள் இருந்த ஊருக்குப் போகும்வரை என் கையை விடவேயில்லை.

அன்று மாலை அம்மா மஞ்சளில் தண்ணீர் விட்டுக் குழைத்தாள். அந்த ஊரிலும் வெற்றிலை போடுவார்கள், அதனால் வெற்றிலைக்குப் பஞ்சமில்லை. அருகம்புல்தான் இல்லை. பள்ளிக்கூட ஓரத்தில் முளைத்திருந்த ஏதோ ஒரு புல்லைக் கிள்ளி வந்தாள். அவள் விரலுக்குள்ளிருந்து தொப்பையோடு ஒருவர் வந்து பலகைமேல் உட்கார்ந்தார்.

"எங்கேம்மா ஒளிஞ்சிருந்தார்?"

"தண்ணி பட்டாத்தான் தெரிவார்."

கும்பிட்டு முடித்தோம். அம்மா நகர்த்தவில்லை. நான் ஞாபகப்படுத்தினேன். "இருக்கட்டும்டா. இவ்வளவு தூரம் வந்திருக்கார். உங்ககூட இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

இருந்தோம். அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போனாள், வந்தாள். ஒருநாள் நானும் கூடப் போனேன். என்னைவிடச் சின்னப் பெண் ஒருத்தி ஓடிவந்து அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். அது நான் பிடிக்கிற விரல். அம்மா அவளை விலக்கவில்லை. இன்னொரு கையின் சுண்டுவிரலை என்னிடம் நீட்டினாள். எனக்கு அது போதவில்லை.

முத்திரையில் எழுதியிருந்த நாள் வந்தது. பெட்டி கட்டியாகிவிட்டது. அம்மா குளித்துவிட்டுப் பிள்ளையார்முன் உட்கார்ந்தாள். காய்ந்து ஆங்காங்கே வெடித்திருந்தார்.

"வடக்கு எதுங்க?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா ஜன்னலைக் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே கடல்தான். "நம்ம ஊர் அந்தப் பக்கம்தான். கொஞ்சம் கிழக்கே சாஞ்சிருக்கும். வடக்குன்னே வெச்சுக்கோ."

அம்மா வெற்றிலையோடு அவரை ஒரு விரல் அளவு நகர்த்தினாள். கையை எடுக்கவில்லை. இன்னும் ஒரு விரல் நகர்த்தினாள். இன்னும் ஒன்று. அவர் போய்க்கொண்டே இருந்தார். பலகையின் ஓரத்துக்கே வந்துவிட்டார்.

"மதி அம்மா, மதி! கடல்ல விழுந்திருவார்!" என்று நான் கைதட்டிச் சிரித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. அம்மாவும் திரும்பவில்லை. பலகையோரத்தில் கையை வைத்தபடியே இருந்தாள். பிறகு பிள்ளையாரைக் கிண்ணத்துத் தண்ணீரில் கரைத்து, அந்த மஞ்சளைத் தன் முகத்தில் பூசிக்கொண்டாள்.

விமான நிலையத்தில் எங்களை வழியனுப்ப நின்றபோது அவள் முகம் ஆரியசாலை வீட்டில் இருந்ததுபோலவே மஞ்சளாக இருந்தது. எனக்கு அன்று பெரிய வருத்தம்கூட இல்லை. டிக்கெட்டும் முத்திரையும் வேண்டாதவர் எங்களுக்கு முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே பிளேன் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் மாமாவிடம் இந்தக் கதையைத்தான் முதலில் சொன்னேன். "ஒரு விரல்னு அம்மாவுக்குத் தெரியாது மாமா, தள்ளிக்கிட்டே போனா" என்று செய்துகாட்டினேன். எல்லாவற்றுக்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற மாமா, அன்று மூக்கைக்கூடச் சொறியவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

எத்தனையோ பூஜைக்கு அம்மா பிள்ளையார் பிடித்திருக்கிறாள். ஒரு விரல் போதும் என்று அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?