ரயிலுக்கு எழாத பிள்ளை

எங்கள் வீட்டுக்குப் பின்னால் முள்வேலி, அதைத் தாண்டினால் ரயில் பாதை. ஆரம்பாக்கத்தில் எங்கள் தெருவில் பிறக்கிற பிள்ளைகள் மூன்று மாதத்தில் ரயிலுக்குப் பழகிவிடும். ஜன்னல் கம்பி அதிர எக்ஸ்பிரஸ் போனாலும் தூளியில் ஒரு அசைவு இருக்காது. அதனால், என் மகள் பிறந்த பத்தாம் நாளே அந்தச் சத்தத்தில் அசையாமல் தூங்கியபோது நான் பயப்படவில்லை. பெருமைப்பட்டேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு கெட்டிக்காரி, பத்தே நாள்ல பழகிக்கினா" என்று பீற்றிக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் என் வாயிலேயே ஒரு போடு போடலாம் போலிருக்கிறது.

ஒன்றரை வயதாகியும் ஒரு சொல் வரவில்லை. சென்னைக்குக் கூட்டிப்போய்ப் பரிசோதித்தோம். பிறவியிலிருந்தே இரண்டு காதும் கேட்கவில்லை என்றார்கள். திரும்பி வரும்போது ரயிலில் நானும் என் வீட்டுக்காரரும் கும்மிடிப்பூண்டி தாண்டும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தெருக் குழாயடியில் ஒரு அம்மாள் சொன்னாள்: "போன ஜென்மத்துல யார் பேச்சயும் கேக்காம இருந்திருக்குமோ இன்னாவோ, அதான் இப்படி."

"அப்போ நீ போன ஜென்மத்துல இன்னா பண்ணினியோ, இந்த வாயி வந்து கீது" என்றேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எனக்கு வாய் நீளம்தான். அதற்காக மனசு கல் இல்லை. அவள் சொன்னது அபத்தம் என்று தெரிந்தும், நான் எதற்காகவோ தண்டிக்கப்படுகிறேனோ என்று ராத்திரியெல்லாம் யோசித்தேன்.

என் வீட்டுக்காரருக்கு சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்பைக் கம்பியாக உருட்டும் ஒரு ரோலிங் மில்லில் வேலை. அங்கே ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அதனால் அவர்களுக்கு எல்லாமே கையில்தான்: நிறுத்து, தள்ளு, டீ வந்துவிட்டது, சூப்பர்வைசர் வருகிறான். அதையெல்லாம் அவர் மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு பேரும் மணிக்கணக்கில் கையாலேயே அரட்டை அடிப்பார்கள். நான் கரண்டியோடு சமையலறையை விட்டு வெளியே வந்தால் போதும், மகள் அப்பனைப் பார்த்து "சூப்பர்வைசர் வருகிறான்" என்று கை காட்டுவாள். சிரிக்காமல் என்ன செய்வது.

இரண்டு வயதில் அரசுக் காப்பீட்டில் ஆபரேஷன் ஆனது. காதுக்குப் பின்னால் உள்ளே ஒரு கருவி, வெளியே ஒன்று. சில வாரம் கழித்து மிஷினைப் போட்டுவிட்டார்கள். டாக்டர் கை தட்டினார், மணி அடித்தார். அவள் டாக்டரின் பேனாவைப் பிடுங்குவதிலேயே குறியாக இருந்தாள். வீட்டுக்கு வந்து அவளைக் கீழே இறக்கிவிட்ட கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. அவள் வீல் என்று அலறி என் காலைக் கட்டிக்கொண்டாள். நாங்கள் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தோம், அழுதோம், மறுபடி சிரித்தோம். அன்றைக்கு எங்கள் தெருவில் ரயிலுக்கு அழுத பிள்ளை அவள் ஒருத்திதான்.

ஆனால் கேட்பது வேறு, பேசுவது வேறு. பேச்சுப் பயிற்சி தருகிற டீச்சர் சொன்னார்: "நாள் முழுக்க விடாம பேசுங்க. கைஜாடை கொஞ்ச காலத்துக்கு வேணாம். காது பழகட்டும்."

"நானும் அவளும் பேசிக்கினுதானே கீறோம்" என்றார் என் வீட்டுக்காரர், அடிபட்டவர் மாதிரி. ஆனாலும் சொன்னதைக் கேட்டார். மகளோடு பேசும்போது இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டார். அவள் அந்தக் கைகளைப் பிடித்து வெளியே இழுப்பாள். அவர் தாங்கமாட்டாமல் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

நான் போய்க்கொண்டிருந்த பேக்கிங் வேலையை விட்டேன். வாயாடி என்று பெயர் வாங்கிய எனக்கு அதுவே வைத்தியமாக எழுதிக்கொடுக்கப்பட்டிருந்தது. பேசினேன். "இது கத்தரிக்கா. இது காம்பு. காம்பக் கிள்ளுறேன். அய்யே, உள்ள புழு. நெளியுது பாரு." குளிக்கும்போது சோப்பைப் பற்றி, துவைக்கும்போது அழுக்கைப் பற்றி. ஒரு வருஷம் போனது. அவளிடமிருந்து ங்ஙா, ப்பா என்று சத்தம் வந்தது, சொல் வரவில்லை.

சாயங்காலம் தெருமுனை கெங்கையம்மன் கோயிலுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போய் அம்மனைத் திட்டுவேன். "உனக்கு ஆடி மாசம் கூழு ஊத்தலயா? ஒரு வார்த்தை கேட்டேன், ஒரே ஒரு வார்த்தை. அதுக்குக்கூட வக்கில்லயா உனக்கு?"

"திட்றதுக்குன்னாலும் டெய்லி போறியே, அதுக்கு மேல இன்னாமே பக்தி" என்பார் இவர்.

எரிச்சலாக வரும். ஆனால் அவர் சொன்னது பிறகு எனக்குள் வேலை செய்தது. பதிலே சொல்லாத இரண்டு பேரிடம் நான் தினமும் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் கேட்கிறது என்று நம்பாமல் அப்படிப் பேச முடியுமா? எனக்கு ஏன் இந்தக் கஷ்டம் என்ற கேள்விக்கு இன்றுவரை விடை தெரியாது. எனக்குள் இவ்வளவு நம்பிக்கை இருந்ததை மட்டும் தெரிந்துகொண்டேன்.

மிஷின் போட்டு ஒன்றரை வருஷம் ஆகும்போது, ஐப்பசி மழையில், எனக்குக் காய்ச்சல் வந்து தொண்டை கட்டியது. குரல் சுத்தமாகப் போய்விட்டது. இரண்டாம் நாள் காலை தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மகள் எதிரில் வந்து நின்று என்னையே பார்த்தாள். பிறகு தன் காது மிஷினைக் கழற்றி மறுபடி மாட்டினாள். ஒரு தட்டு தட்டினாள். அது கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கொல்லையில் இவர் பக்கெட்டைக் கீழே போட்டார். அவள் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள். கொஞ்சம் யோசித்தாள். மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு அம்மாவிடம். கிட்டே வந்து என் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"ம்மா. பேசு."

வாயைத் திறந்தேன். வெறும் காற்றுதான் வந்தது. நாளெல்லாம் நான் அவளைக் கெஞ்சிய சொல் அது. என் கன்னத்தில் வழிவதைப் பார்த்து அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கொல்லைக் கதவுக்கு ஓடினாள்.

"நைனா. ம்மா பேசல."

ஈரக் கையோடு ஓடி வந்தார். அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா சொன்னா? இவதானா சொன்னா?" நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி, தெருவே கேட்கிற மாதிரி திரும்பச் சொன்னாள்.

"ம்மா பேசல."

"யாரு அது காலங்காத்தால கத்துறது?" என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

அவர் மில் இரைச்சலையும் தாண்டிக் கேட்கிற குரலில் பதில் சொன்னார். "எம்பொண்ணு. எம்பொண்ணுதான் கத்துறா."

அவள் நிறுத்துவதாக இல்லை. நான் அவரைக்காயைத் தள்ளிவைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, என்மேல் என் மகள் வைத்த புகாரை ஆசைதீரக் கேட்டேன்.