தம்பி என் பையைச் சோதித்தான்: ஸ்ரீவைகுண்டம் போய்வந்த கதை

என் தம்பி எட்வின் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டவன். யாரையும் அடித்ததில்லை; ஆனால் அவனுக்குப் பயந்து கைப்பையைத் தலைக்கடியில் வைத்துத் தூங்கிய வீடு எங்களுடையது. நீதிமன்றம் அவனை ஜெயிலுக்கு அனுப்பாமல், ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஒரு மறுவாழ்வு இல்லத்துக்கு அனுப்பியது. சிகிச்சையை ஒழுங்காக முடித்த அறிக்கையோடு வந்தால் விடுதலை, இல்லையென்றால் தண்டனை. அவனைக் கூட்டிவரத்தான் போன வாரம் சென்னையிலிருந்து கிளம்பினேன். உங்களுக்கும் இப்படிப் போக நேரலாம் என்றுதான் எழுதுகிறேன். இதில் வெட்கம் என்ன வேண்டிக்கிடக்கிறது?

காலை ஏழு மணிக்கு நெல்லை. புதிய பேருந்து நிலையத்தில் திருச்செந்தூர் பஸ் ஏறினால் முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். வழியெல்லாம் வாழைத்தோட்டம். இறங்கியதும் ஆட்டோ, எண்பது ரூபாய்.

"அந்த இல்லத்துக்கா? ஏறுங்கக்கா. என் மச்சினனும் அங்கனதான் கிடந்தான். இப்ப லோடு வண்டி ஓட்டுதான்," என்றார் டிரைவர். அந்த அண்ணாச்சி நல்லா இருக்கணும்!

அந்த இல்லத்தில் ஒரு வழக்கம். வருகிறவர்கள் பையை, சிகிச்சை முடியப்போகிறவர்தான் சோதிக்க வேண்டும். ஒளித்துவைக்கிற வித்தையெல்லாம் அவர்களுக்குத்தானே அத்துபடி! அன்றைக்கு வாசலில் நின்றது எட்வின். அல்வாவைக்கூடக் கரண்டியால் கிளறிப் பார்த்தான். பிறகு என் இருமல் மருந்தை வெளியே எடுத்தான்.

"இது உள்ள போவாதுக்கா."

"ஏலே, எனக்கு நிஜமாவே இருமல் இருக்குலே!"

"இருக்கட்டும். இதையே பாட்டில் பாட்டிலா குடிச்சவன் நான். உள்ள புதுசா வந்தவங்க தவிச்சிக்கிட்டு கிடக்காங்க. போகும்போது வாங்கிக்கோ."

வார்டன் அதை வாங்கி அலமாரியில் பூட்டிய பிறகுதான் எட்வின் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் அங்கேயே நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அறிக்கையையும் என் இருமல் மருந்தையும் வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் பாளையங்கோட்டை நீதிமன்றத்துக்கு வந்துவிட்டோம். நீதிபதி படித்தார், இனி கஞ்சாவைத் தொடமாட்டேன் என்று எழுதி வாங்கினார், கண்டித்து விடுதலை செய்தார். ஜெயிச்சிட்டோம்! வெளியே வந்து இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு பிளேட் பரோட்டா சாப்பிட்டோம்.

போகிறவர்களுக்கு: அடையாள அட்டையை மறக்காதீர்கள். காலை பஸ்ஸே நல்லது. மருந்து, மாத்திரை எதுவானாலும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். பையைக் கிளறினால் கோபப்படாதீர்கள்.

சாப்பிட்டு முடித்ததும் எனக்கு இருமல் வந்தது. எட்வின் என் பையிலிருந்து மருந்தை எடுத்து, ஒரு மூடி அளந்து கொடுத்து, பாட்டிலை இறுக்கி மூடி உள்ளே வைத்தான். பர்ஸ், போன் எல்லாம் அதில்தான் இருந்தன. பையை அவனிடமே விட்டுவிட்டு நான் கை கழுவப் போனேன்.