தம்பியின் வரிக்கணக்கைப் பார்க்க இரண்டு பேர்

என் தம்பி வெர்லின் மினசோட்டாவில் ஏரிக்கரையில் தூண்டில் புழு விற்கிறவன். அறுபது வயது தாண்டிவிட்டது. அட்டைப்பூச்சி, மண்புழு, சிறுமீன் எல்லாம் அவன் கைக்கு அடங்கும். அரசாங்கக் கடிதம் மட்டும் அடங்காது. வரி அலுவலகத்திலிருந்து உறை வந்தால் பிரிக்காமல் அட்டை வைக்கிற குளிர்பெட்டியில் போட்டு மூடிவிடுவான். அங்கே இருந்தால் கெடாது என்பான், பாவி.

அவன் மனைவி செத்துப்போன பிறகு அந்த உறைகளைப் பிரிக்கிறவள் நான்தான். அவன் வரிக்கணக்கை நான் பார்க்கலாம் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு வரி அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தான். பார்க்கத்தான் உரிமை, அவனுக்காக அதிகாரிகளோடு வாதாட உரிமை கிடையாது. என் வாய்க்கு அது பெரிய தண்டனை. ஆனாலும், தன் எடை எத்தனை பவுண்டு என்றுகூட டாக்டரைத் தவிர யாரிடமும் சொல்லாதவன் என்னை நம்பினான். நான் மார்தட்டிக்கொள்ளாத குறைதான்.

போன வசந்தத்தில் கோரின் வந்து சேர்ந்தாள். சர்ச்சில் பியானோ வாசிக்கிற விதவை. அவள் இறைச்சியோடு சேர்த்துச் சுட்டெடுத்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷை இவன் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். என்னுடையதை ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்வான். அன்றைக்கே எனக்கு வயிறு எரிந்தது.

ஜூனில், அவன் கட்டிய வரி வந்து சேர்ந்ததா என்று கேட்க அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அவர்கள் போட்ட பாட்டைக் கேட்டுக் காது புளித்த பிறகு ஒருத்தி எடுத்தாள்.

"மன்னிக்கணும்மா, உங்க பேரு இதுல இல்லையே."

யார் பேர் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நேராகத் தம்பியின் கடைக்குப் போனேன்.

"ஏண்டா, என்னைத் தூக்கிட்டு அவளைப் போட்டுட்டியா?"

"நான் எங்கக்கா தூக்கினேன்? அவளும் பார்க்கட்டும்னு அவ பேருக்கு ஒரு தாள் அனுப்பினேன், அவ்வளவுதான்."

அங்கேதான் கோளாறு. புதுத் தாள் போனால் பழையது தானாகச் செல்லாமல் போய்விடும். பழையதும் இருக்கட்டும் என்றால் அதற்கான கட்டத்தில் குறி போட்டு, பழைய தாளின் நகலையும் சேர்த்து அனுப்ப வேண்டும். இவன் எதைப் படித்தான்!

"கோச்சுக்காதக்கா. உன் பேருக்கும் இன்னொண்ணு போட்டுடறேன். நீயும் பாரு, அவளும் பார்க்கட்டும்."

"அவளுக்கு எதுக்குடா இதெல்லாம்?"

"கட்டிக்கப்போறவகிட்ட என்னத்த மறைக்கிறது?"

என்னிடம் எதையும் மறைக்காதவன் என்று நினைத்திருந்தேன். கல்யாணச் சேதியையே இப்போதுதான் சொல்கிறான். பேனாவை எடுத்து அவன் முன்னால் டொக்கென்று வைத்தேன். கோபமெல்லாம் இல்லை, பொறாமைதான்.

புழுமண் ஒட்டிய விரலால் இன்னொரு தாளில் என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டான். அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. நகலும் இல்லை. இது போய்ச் சேர்ந்தால் கோரினின் பேர் போய்விடும். பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பார்க்கத்தானே உரிமை! உறையை நாக்கால் நனைத்து நானே ஒட்டினேன்.

அந்த நேரம் பார்த்துக் கோரின் உள்ளே வந்தாள்.

"அண்ணி, நான் போஸ்ட் ஆபீஸ் பக்கம்தான் போறேன். குடுங்க, நானே போட்டுடறேன்."

கல்யாணமே ஆகவில்லை, அதற்குள் அண்ணியாம்.

உறையை அவள் கையில் கொடுத்தேன். "மறந்துடாதம்மா," என்றேன்.