காற்றுக்குக் கண் வைத்தவன்

ஜன்னல் செய்யறவன் பாடு உங்களுக்குத் தெரியாததா? கதவுன்னா தேக்கு கேப்பாங்க, மஞ்சள் குங்குமம் வெப்பாங்க. ஜன்னல்னா "ஏதோ ஒண்ணு வெச்சிடுப்பா"தான். எங்க மரக்காணத்துல இரும்புக் கம்பியை உப்புக்காத்து தின்னுடும், அதனால எல்லாம் மரக்கம்பி. சுனாமிக்கு அப்புறம் குப்பத்துல வரிசையா வீடு கட்டினப்போ எனக்குக் கனவுல கூட ஜன்னல்தான்.

வார்த்தை வந்த வழி

எக்கியார்குப்பம் சைட்டுக்கு வந்த இன்ஜினியரம்மா டீ குடிக்கிறப்போ கேட்டாங்க, விண்டோன்னா என்ன அர்த்தம்னு. "ஜன்னல்"னேன். சிரிச்சாங்க. ஜன்னலே போர்ச்சுக்கீசுக்காரன் கொண்டாந்த வார்த்தையாம். விண்டோ, வடக்குக் கடல்ல கப்பல் ஓட்டினவங்க பேச்சிலேர்ந்து இங்கிலீஷுக்குப் போனதாம். அவங்க பாஷையில 'காத்தோட கண்ணு'ன்னு அர்த்தமாம். பழைய தமிழ்லயும் ஜன்னலுக்குக் காலதர்னு பேராம், காத்து வர்ற வழி.

சாயங்காலம் உப்பளத்து ஓரமா சைக்கிள்ல வர்றேன். பாத்தி பாத்தியா தண்ணியில வானம் படுத்துக் கிடக்குது. எல்லாமே எனக்குக் கண்ணாத் தெரியுது. எதிர்ல வந்த கூட்டாளி ஆறுமுகம் கத்தினான்: "டேய், ரோட்டைப் பார்த்து வாடா, பாத்தியில விழப்போற!"

பாய் வீட்டு ஏ.சி.

துபாய்லேர்ந்து திரும்பி வந்த கடைக்கார பாய், விண்டோ ஏ.சி. அளவுக்குத்தான் ஜன்னல் வேணும்னாரு. செஞ்சு கொடுத்தேன். பெட்டி உக்காந்ததும் காத்து நின்னுபோச்சு. வைகாசி வெயில்ல ஒருநாள் கரண்ட் போக, என்னைக் கூப்பிட்டு விட்டாரு. போனா, பெட்டியைக் கழட்டித் தரையில வெச்சிட்டு, அந்தச் சதுரத்துல முகத்தை நீட்டி, கண்ணை மூடி நிக்கிறாரு மனுஷன். கடல்காத்து தாடியை அசைச்சிட்டிருக்குது. "யா அல்லா, துபாய்ல இந்தக் காத்துக்குத்தானேப்பா ஏங்கினேன், வந்ததும் அதையே அடைக்கச் சொல்லிட்டேனே!"

கிழக்குச் சுவர்

குப்பத்துச் செல்வி, சுனாமியில மூத்த பொண்ணைப் பறிகொடுத்தவ. புருஷன் குமாரும் வலையைத் தூக்கிப் போட்டுட்டு உப்பளத்து வேலைக்குப் போயிட்டான். அவங்க புது வீட்டுக்கு ஜன்னல் எடுத்துட்டுப் போனா, கிழக்கால வேணவே வேணாம்னா. காத்து வர வேணாமாம்மான்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "அந்தக் கடல் என் வீட்டுக்குள்ள எட்டிப் பார்க்கவே கூடாதுண்ணா."

உடைச்ச நாள்

மறுவருஷம் குமார் திரும்பவும் கடலுக்குப் போக ஆரம்பிச்சான். உப்பு அவனுக்கு ஒத்துவரல. அந்த வீட்டுக்கு வாசல் மேற்கால. அவன் போன நாள்லாம் செல்வி வீட்டைச் சுத்தி ஓடி, பின்னால நின்னு கடலைப் பார்ப்பா. பயந்துபோய் உள்ள வந்துடுவா. உள்ள இருக்கவும் முடியாம மறுபடி ஓடுவா. இப்படியே அலைஞ்சு அலைஞ்சு ஆளே பாதியாயிட்டா.

ஒருநாள் அவளே என் பட்டறைக்கு வந்துட்டா. கிழக்குச் சுவரை உடைக்கணும்னா. கொத்தனாரைக் கூட்டிட்டுப் போய், சுவர்ல பென்சிலால அளவு போட்டு, கடல் ரொம்பத் தெரியாத மாதிரி சின்னதா வெக்கட்டுமா தங்கச்சின்னு கேட்டேன். அவ என் கையிலேர்ந்து பென்சிலை வாங்கி, தானே கோடு போட்டா. "பெருசா வையுங்கண்ணா, அவரு படகு வர்றது அடுப்பாண்ட உக்காந்தாலும் தெரியணும்."

ஜன்னலே வேணாம்னு சொல்றவங்களுக்கும் ஒரு சட்டம் இழைச்சு ஓரமா சாத்தி வையுங்க, தொழில்ல நான் கத்துக்கிட்டது அவ்வளவுதான்.