எதிர்க்கடை வசந்தி விற்ற மவுஸ்கள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, வேங்கிக்காலில் என் கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது செல்வம் போன் செய்தார். "வசந்தி நம்மள விட்டுப் போயிட்டா அண்ணா" என்றார். சாலைக்கு எதிர்ப்புறம் அவர் மனைவி வசந்தியின் கடை மூன்று மாதமாகப் பூட்டியே கிடந்தது. நானும் ஷட்டரை இறக்கிவிட்டுக் கிளம்பினேன்.

வசந்தி அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னையில் ஒன்பது வருடம் டேட்டா என்ட்ரி வேலை பார்த்து, வலது மணிக்கட்டில் தீராத வலியோடு திரும்பி வந்தார். பிறகு என் கடைக்கு நேர் எதிரே கம்ப்யூட்டர் பொருள்கள் கடை திறந்தார். நான் முன்பிருந்தே அதே வியாபாரத்தில் இருந்தேன். ஒரு வருடம் அவரோடு நான் பேசவில்லை.

எங்கள் வாடிக்கையாளர்களில் பலர், அரசு அலுவலகங்களுக்கு அருகே மனுக்களும் ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக் கொடுப்பவர்கள். நாள் முழுக்க மவுஸைப் பிடித்திருக்கும் கைகள். நான் பெட்டி மேல் இருக்கும் கம்பெனிப் பெயரைச் சொல்லி விற்பேன். அவரோ, "ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் வேலை பாப்பீங்க?" என்றுதான் தொடங்குவார். "பேருக்காக ஜாஸ்தி குடுக்காதீங்க. கம்மியா இருக்குதுன்னும் எடுக்காதீங்க. ரெண்டாவது வருஷமும் ஓடணும், ரிப்பேர் ஆனா கம்பெனிக்காரன் மாத்தித் தரணும். அதைப் பாருங்க" என்பார்.

ஒரு நாள் ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் என் கடைக்கு வந்தார். மிகப் பெரிய கை அவருக்கு. அந்தக் கைக்கு ஏற்ற மவுஸ் என்னிடம்தான் இருக்கிறதென்று வசந்தியே அனுப்பியிருக்கிறார். அன்று மாலை சாலையைக் கடந்து போய் முதல் முறையாக அவரோடு பேசினேன்.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மொத்த வியாபாரி எங்கள் இருவருக்கும் பெயர் பெற்ற கம்பெனியின் மவுஸ்களைக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். இருவரும் விற்றோம். இரண்டு மாதம் கழித்து, மனு தட்டச்சு செய்யும் தனலட்சுமி ஒரு மவுஸோடு வசந்தியிடம் வந்தார். ஒருமுறை அழுத்தினால் இருமுறை பதிகிறது. அதனால் ஒரு பெண்ணின் விதவை உதவித்தொகை விண்ணப்பம் இரண்டு தடவை போய், இரண்டுமே நிராகரிக்கப்பட்டுவிட்டன.

வசந்தி தன்னிடம் மீதமிருந்த பெட்டிகளை எடுத்துப் பார்த்தார். பெட்டிக்குப் பெட்டி மாற வேண்டிய சீரியல் நம்பர் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருந்தது. அத்தனையும் போலி. என் கடைக்கு வந்து, "உங்களுதையும் பாருங்கண்ணா" என்றார். என்னுடையவற்றிலும் அதே நம்பர்.

"விடும்மா, யாரு நம்பரெல்லாம் பாக்கப் போறாங்க?" என்றேன்.

"நாம பாத்துட்டோமே அண்ணா" என்றார்.

மறுநாள் அவர் கடைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "இங்கே நான் விற்ற இந்த மவுஸ் போலி. தெரியாமல் விற்றுவிட்டேன். கொண்டு வாருங்கள், நல்லது தருகிறேன்" என்று தன் கையாலேயே எழுதியிருந்தார். அந்தப் பெண்ணையும் தேடிப் போய், புது விண்ணப்பம் போடுகிற வரை கூடவே இருந்தார்.

ஆனால் ஊர் அந்தத் தாளை வேறு விதமாகப் படித்தது. "அந்தம்மா டூப்ளிகேட் விக்குதாம்" என்று சொல்லிக்கொண்டு என் கடைக்கு வந்தார்கள். என் அலமாரியிலும் அதே சரக்கு இருந்தது. நான் வாய் திறக்காமல் விற்றேன். இதை எழுதும்போது கூசுகிறது.

சில மாதம் போனது. என்னிடம் வாங்கிய மவுஸ் கெட்டுப்போய் ஒரு பெண் வந்தார். கரண்ட் கோளாறு என்று பொய் சொன்னேன். அவர் அதை நம்பி, அதே மவுஸில் இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார். அவர் படியிறங்கிப் போவதைப் பார்த்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. மீதிப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வசந்தியிடம் போனேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. "முழுசா குப்பையில போட்டா யாராவது எடுத்து வித்துடுவாங்க" என்றார். ஆளுக்கொரு கட்டரை எடுத்து ஒவ்வொரு மவுஸின் ஒயரையும் வெட்டிப் போட்டோம். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு இரண்டையும் மாற்றிக் கொடுத்தேன். என் கதவிலும் தாள் ஒட்டினேன். அதன் பிறகுதான் அவரிடம் போகாதிருந்தவர்கள் மெல்லத் திரும்பிப் போனார்கள்.

சென்ற ஆண்டு அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சைக்கு நடுவிலும் கடைக்கு வந்தார். முடியாமல் போனபோது, வாரண்டிக்கு அனுப்பிய பொருள்களின் ரசீதுகளை என்னிடம் கொடுத்து, "வந்ததும் அவங்ககிட்ட சேத்துடுங்கண்ணா" என்றார்.

கடைசியாக அவர் வீட்டுக்குப் போனபோது, அந்த மாதங்களில் என் கடையில் அவரைப் பழித்தவர்களுக்கு நான் பதில் சொல்லாமல் இருந்ததைச் சொன்னேன்.

"தெரியும்ணா. நடுவுல ஒரு ரோடுதானே. அங்க பேசினா இங்க கேக்கும்" என்றார்.

"அப்புறம் எப்படிம்மா எங்கூட பேசினீங்க?"

"நீங்களே பெட்டியத் தூக்கிட்டு வந்தீங்களே" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

செவ்வாய் மாலை அவரது உடலை ஏற்றிய வண்டி வேங்கிக்கால் வழியாகப் போனது. தனலட்சுமியும் மற்ற தட்டச்சுக்காரர்களும் வேலையை நிறுத்திவிட்டுச் சாலையோரம் வந்து நின்றார்கள். கையில் காகிதங்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்தார்கள். போவது யாரென்று அவர்களில் பலருக்குத் தெரியாது. வண்டி மறையும்வரை ஒருவரும் உட்காரவில்லை.

போய் வாருங்கள், வசந்தி.