துணி என்று ஒரு துணி

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் 'அக்கா'. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டு மறுபடி புரோகிராம் எழுத வந்தவள். சலவைக்கடை ஒன்றின் இயந்திரங்களை இயக்கும் மென்பொருள் அவள் தலையில் விழுந்திருந்தது. மறுநாள் கடைக்காரர் பார்த்துத் திருப்திப்பட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

டீம் லீடர் அதில் 'துணி' என்று ஓர் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸை, எல்லாத் துணிக்கும் பொதுவான ஓர் அச்சை, எழுதி வைத்திருந்தான். அதற்குள் 'துவை' என்று வெறும் பெயர் மட்டும். எப்படித் துவைப்பது என்று ஒரு வரி கிடையாது.

"துணின்னு நேரா ஒண்ணை உருவாக்க முடியாதுக்கா. சட்டை, போர்வை, கோட்டுன்னுதான் உருவாக்கணும். எப்படித் துவைக்கணும்னு அதுஅதுல நீங்க எழுதணும்."

"உருவாக்கவே முடியாததை எதுக்குப்பா எழுதி வச்சிருக்கே?"

"அதான்கா அப்ஸ்ட்ராக்ட்."

சொல்லிவிட்டு அவன் டீ குடிக்கப் போய்விட்டான். இதுதான் விளக்கமாம்!

சட்டையை எழுதினாள், போர்வையை எழுதினாள். கம்பளிக் கோட்டில் மாட்டிக்கொண்டாள். அதற்கு வெந்நீரா, தண்ணீரே ஆகாதா? கடைக்காரர் போனை எடுக்கவில்லை. விட்டுவிடலாம் என்றால் திரை சிவப்பு எழுத்தில் கத்தியது: கோட்டுக்குத் 'துவை' எங்கே? பொறுத்துப் பார்த்துவிட்டு, 'துவை' என்று எழுதி ஒரு ஜோடி அடைப்புக்குறி போட்டாள். நடுவில் ஒன்றும் எழுதவில்லை. சிவப்பு காணாமல் போனது. இதென்ன கூத்து, வெறும் அடைப்புக்குறிக்கே வாயை மூடிக்கொள்கிறதே! பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டவள், பிள்ளையை அழைத்துவர ஓடிய அவசரத்தில் மறந்தே போனாள்.

மறுநாள் கடைக்காரர் தான் போட்டிருந்த கம்பளிக் கோட்டையே கழற்றி இயந்திரத்தில் போட்டார். பட்டனைத் தொட்ட கையோடு திரையில் 'துவைத்தாயிற்று' என்று வந்தது.

"என்னம்மா, இயந்திரம் சுத்தவே இல்லையே?" என்றார் அவர்.

லீடர் திரும்பினான். "அக்கா, கோட்டோட 'துவை'க்குள்ள என்ன எழுதினீங்க?"

"ஒண்ணும் எழுதலைப்பா."

மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் மேலாளர். துணி என்று ஒன்று எதற்கு என்பது அப்போதும் அவளுக்குப் புரிந்தபாடில்லை.

வீட்டு வாசலிலேயே கணவர் பிடித்துக்கொண்டார்.

"என்ன, வேலை நிரந்தரமாயிடுச்சா?"

என்னென்னவோ சொல்ல இருந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"ம்."

அவர் முகமெல்லாம் பல்லாக, தன் அம்மாவுக்குப் போன் போட உள்ளே ஓடினார். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு பதிலுக்கு இவ்வளவு சந்தோஷமா என்று விளங்காமல், அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.