கறுப்புப் பலகைக்கு எட்டு மதிப்பெண் குறைவு

இருபத்தாறு ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாகப் படித்து முதலாவதாகத் தேறிய கார் இருக்கைத் தையல் பயிற்சி. தையல் பிரிந்துவிட்டது என்று ஒரு பேருந்து முதலாளி தொடுத்த வழக்கு. நீதிபதியே எழுந்து வந்து அந்த இருக்கையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்து, மூச்சு வாங்கியபடி தள்ளுபடி செய்தார். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு மரப்பந்து உருட்டும் போட்டியில் வாங்கிய கோப்பை. முழந்தாளிடும் மெத்தை கிழிந்ததற்குக் காரணம் எலிதான், தைத்தவள் அல்ல என்று பாதிரியார் பூசையில் எல்லார் முன்பும் கேட்ட மன்னிப்பு. ஜன்தீரா ஃபகுந்தெஸ் ஐம்பத்து மூன்று வயதுக்குள் ஜெயித்தவற்றில் இவை சில. முழுப் பட்டியல் வேண்டுமென்றால் அவளுடைய அண்ணன் ஒடாயரைக் கேட்க வேண்டும். தேதி, கிழமை, அன்று மழை பெய்ததா என்பதுவரை சொல்வார். முப்பத்தொரு வருடம் வீடு வீடாக மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர். நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளி கிடையாது. ஆனால் பர்பசேனா ஊரில் அவர் எழுதிய எண்ணை யாரும் திருத்தியதில்லை.

பட்டியல் முழுக்க ஒடாயரின் வாயில்தான் இருக்கிறது. ஜன்தீரா அதைச் சொல்லிக்கொள்வதில்லை. அவளுக்கு நேரமும் இல்லை. சனிக்கிழமை காலைகளில் அவள் யாருடைய காருக்காவது அடியில், அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, மல்லாந்து படுத்திருப்பாள். காதில் பென்சில். ஒரு கையில் ஸ்வெட்டர் பின்னும் ஊசி, மறு கையில் பல் மருத்துவர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடி. வெளியே வந்ததும் கதவைத் திறந்து, கால் மிதிக்கும் கம்பளத்தில் மூக்கை வைத்து முகர்வாள்.

"பொய் சொல்லாதடா கண்ணா" என்பாள். காரிடம்தான். உரிமையாளரிடம் அவள் பேசுவது "ம்" மட்டும். ஒருமுறை மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவர் தன் காரில் ஒரு திருகுகூட மாற்றவில்லை என்று மார்தட்டினார். அவள் ஊசியால் ஒன்றைத் தொட்டுக் காட்டி, "இது பொறந்து பத்து வருஷம்கூட ஆகல" என்றாள். அவர் அந்தத் திருகைப் பார்த்த பார்வை, பெற்ற பிள்ளையைச் சந்தேகிக்கிற பார்வை.

இத்தனை பாடும் ஒரு கறுப்பு எண் பலகைக்காக. கார் முப்பது வயதைத் தாண்டியிருக்க வேண்டும். பிறந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். இருக்கிறது என்று பழங்கார்க் கழகம் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமல் போட்டுச் சான்று தந்தால், வண்டி அலுவலகத்தில் பதிந்து கறுப்புப் பலகை மாட்டிக்கொள்ளலாம். மாட்டிக்கொண்டவர்கள் அதன் பிறகு நடக்கும் நடையே வேறு. சிலர் மாமியாரைக்கூட "எண்பத்தேழு தேறும்" என்கிறார்கள்.

பதினோரு வருடமாகக் கழகத்துக்கு வந்த கார்களுக்கெல்லாம் அடியில் படுத்தவள் ஜன்தீரா. சான்றில் கையெழுத்து மட்டும் கழகத் தலைவர் எவரால்டோவுடையது. அவர் பல் மருத்துவர். கண்ணாடியை அவளுக்குத் தந்ததும் அவர்தான். இடுப்பு எலும்பில் கோளாறு, குனிய முடியாது. எனவே அவர் நாற்காலியில் காபி குடிப்பார், அவள் பென்சிலால் மதிப்பெண் எழுதுவாள், அவர் அதன்மேல் மைப்பேனாவால் எழுதி, சுருள் சுருளாகக் கையெழுத்திடுவார். இப்படி இருநூற்றுப் பதினான்கு சான்றுகள். எண்ணியவர் ஒடாயர்.

இருநூற்றுப் பதினைந்தாவதாக வந்தது ஒடாயரின் சொந்தக் கார். அது 1952ஆம் ஆண்டு ஆங்கிலேய விளையாட்டுக் கார் போல இருக்கும். போல மட்டும்தான். 1985இல் பெட்டி பெட்டியாக வந்த கண்ணாடி இழை உடலை, ஒரு பழைய ஃபூஸ்கா வண்டுக் காரின் அடிச்சட்டத்தின்மேல் வைத்து, நாற்பத்து நான்கு பக்கப் புத்தகத்தைப் பார்த்து யாரோ பூட்டிய நகல். எஞ்சின் பின்னால். முன்னால் வெள்ளிக் கம்பிகளோடு மினுங்கும் ரேடியேட்டருக்குள் காற்றும் இரண்டு சிலந்திகளும்தான். கழகத்து ஆட்கள் அதைக் "குளியல் தொட்டி" என்பார்கள். ஆகஸ்ட் மாதச் சதுக்கத் திருவிழாவில் சான்று பெற்ற கார்கள் பாண்டு மேடைக்கு முன்னால் நிற்கும். தொட்டிக்குச் சோளக்கதிர் வேகவைக்கும் வண்டிக்குப் பக்கத்தில் இடம். ஒடாயர் அங்கே இருபது வருடமாக நீராவியில் நின்றவர்.

இப்போது அந்த நகலுக்கே முப்பது வயது தாண்டிவிட்டது. நகலாகப் பிறந்தது நகலாகவே இருந்தால் அதுவும் பழம்பொருள்தான். விதி அப்படித்தான் சொல்கிறது. ஒடாயர் புதுச் சட்டை போட்டு, காரை மெழுகு பூசிக் கொண்டுவந்து நிறுத்தினார். ஜன்தீரா புத்தகத்தை எஞ்சின் மூடிமேல் விரித்து வைத்தாள்.

"அண்ணே, ஸ்டீயரிங்குக்கு முன்னால இதென்ன பலகை?"

"வால்நட் மரம். இங்கிலாந்துலேர்ந்தே வரவழைச்சேன். தட்டிப் பாரு, எப்படிக் கேக்குது!"

"தட்ட வேண்டாம். புத்தகத்துல என்ன போட்டிருக்கு? பக்கம் பத்தொன்பது."

ஒடாயர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார். "மரம் மாதிரி கோடு போட்ட தாளை ஒட்டவும்."

"தாள் எங்க?"

"அசிங்கமா இருந்துச்சு. கிழிச்சுப் போட்டுட்டேன்."

"மரம் மாதிரி இருக்கணும். நீ மரத்தையே வச்சிருக்க. ஆறு போச்சு."

பிளாஸ்டிக் ஸ்டீயரிங் இருக்க வேண்டிய இடத்தில் அசல் ஆங்கிலேய ஸ்டீயரிங்: நாலு. தகர மூடி போட்ட சக்கரங்களுக்குப் பதில் அசல் கம்பிச் சக்கரங்கள்: எட்டு. இருபது வருடமாக ஒடாயர் சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் மிச்சம் பிடித்துக் கடல்தாண்டித் தபாலில் வரவழைத்த உண்மைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொய்யாகக் குறிக்கப்பட்டன.

சூடு காட்டும் முள்ளுக்கு வந்தார்கள். புத்தகப்படி அது வெறும் படம். முள்ளை நடுவில் வரைந்து ஒட்டியிருப்பார்கள். எஞ்சின் தீப்பிடித்து எரிந்தாலும் 'சுகம்' என்றே காட்டும். ஒடாயர் அதைப் பிடுங்கிவிட்டு, பின்னாலிருந்து முன்னால்வரை கம்பி இழுத்து நிஜ முள் வைத்திருந்தார்.

"நெசமாவே சூடு காட்டுது ஜன்தி! கையை வச்சுப் பாரு!"

"காட்டக் கூடாது அண்ணே. மூணு."

நாற்காலியில் எவரால்டோவுக்குக் காபி புரையேறியது.

இருக்கைகளில் ஜன்தீரா நிதானித்தாள். கறுஞ்சிவப்புத் தோல், ஓரத்தில் இரட்டைத் தையல். குனிந்து முகர்ந்தாள். கட்டைவிரலால் ஒரு மடிப்பை நீவினாள்.

"இது யார் தைச்சது?"

"என்னடி கேள்வி? நீதான். என் அறுபதாவது பொறந்த நாளைக்கு. நாலு ஞாயித்துக்கிழமை உக்காந்து தைச்ச."

"தெரியும். நல்லாத்தான் தைச்சிருக்கேன்." பென்சிலை எடுத்தாள். "ரெக்சின் இருக்கணும். ஏழு."

ஒடாயர் மனக்கணக்கில் அவளை முந்திவிட்டார். எழுபத்திரண்டு. மேடை, பாண்டு, முன்வரிசை எல்லாம் சோள வண்டியின் நீராவிக்குள் போய்க்கொண்டிருந்தன.

"ஏம்மா, எவ்வளவு வருது?" என்றார் எவரால்டோ.

"எழுபத்திரண்டு, டாக்டர்."

"பென்சில்தானே? எண்பத்திரண்டுன்னு போட்டுடுவோம். ஒடாயர் யாரு, நம்ம ஆளு. இருபது வருஷமா நம்ம கழகத்துக்குக் கறி சுடுறவர். அவர் சுட்ட விலா எலும்புக்கே பத்து குடுக்கலாம்."

வாயைத் திறந்தால் என்ன வந்துவிடும் என்று ஒடாயருக்கே பயமாக இருந்தது. 'வேண்டாம் டாக்டர்' என்ற சொல் தொண்டைவரை வந்து, பாண்டு மேடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"தாராளமா போடுங்க டாக்டர்" என்றாள் ஜன்தீரா. கீழே படுக்க விரித்திருந்த அட்டையைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். "ஒருக்கா படுத்துப் பாத்துட்டுப் போடுங்க."

"என் இடுப்பு இருக்கிற லட்சணம் உனக்குத் தெரியாதா?"

"தெரியும். பதினோரு வருஷமாத் தெரியும். அப்போ படுத்தவ கையெழுத்துப் போடட்டும்."

எவரால்டோ அவளைப் பார்த்தார், ஒடாயரைப் பார்த்தார், சிரித்துக்கொண்டார். கூடப் பிறந்தவளின் கையில் பேனாவைக் கொடுத்தால் அண்ணனுக்கு எந்தத் தங்கை குறைத்துப் போடுவாள் என்று அவர் கணக்குப் போட்டது முகத்திலேயே தெரிந்தது. பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

"இந்தா தாயே. உங்க அண்ணனுக்கு நீயே மனசாரப் போடு."

ஜன்தீரா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பென்சில் எண்ணை அழித்துவிட்டு, சான்றுத் தாளில் மையால் 72 என்று எழுதினாள். யாரும் எண்ணைத் திருத்த முடியாதபடி பக்கத்தில் எழுத்தாலும் எழுதினாள். 'நிராகரிக்கப்பட்டது' என்ற கட்டத்தில் பெருக்கல் குறி போட்டாள். பிறகு அடியில், சுருளே இல்லாமல், பள்ளிப்பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை முழுதாக எழுதித் தேதி போட்டாள்.

"ரெக்சினும் தாளும் தேடிக் கொண்டா" என்றாள் அண்ணனிடம். "அடுத்த வருஷம் பாக்கலாம்."

"ஒடாயர், நீங்க ஒண்ணும் சொல்லலையா?" எவரால்டோவின் குரல் உயர்ந்தது. "சொந்தத் தங்கச்சி!"

ஒடாயர் அதற்குள் சான்றுத் தாளைக் கையில் எடுத்திருந்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க டாக்டர்" என்றார். "மை காயல. உங்க காபி சிந்திடப் போகுது."

ஆகஸ்ட் முதல் ஞாயிறு. சோள வண்டிக்காரி பிரேசீல்யா மூடியைத் திறந்துகொண்டே கேட்டாள்: "என்ன ஒடாயர் அண்ணே, இந்த வருஷமும் நம்ம பக்கம்தானா? பலகை கிடைக்கலையா?"

"காயிதம் கிடைச்சிருக்கு, தங்கச்சி கையெழுத்தோட" என்றார் ஒடாயர். தெளிவான பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட தாளை முன்கண்ணாடிமேல் விரித்தார். துடைப்பான் தண்டைத் தூக்கி, ஒரு விரற்கடை மேலே, ஒரு விரற்கடை கீழே என்று நகர்த்தி, எழுபத்திரண்டும் பெருக்கல் குறியும் அதற்கு அடியில் சரியாக மறையும்படி இறக்கினார். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து சட்டை நுனியால் உறையில் படிந்த நீராவியைத் துடைத்துவிட்டார். வெளியே தெரிந்தது அடியில் இருந்த ஒரு வரி மட்டும்: பரிசோதித்தவர், ஜன்தீரா ஃபகுந்தெஸ், 16 ஜூலை 2016.